மாறியதா, மாறவில்லையா? - கோப்புகளின் மாற்ற எண் பற்றிச் சில குறிப்புகள்

‘மனம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மணம்’ என்று அச்சாகிவிட்டால் வாசகருக்குத் தெரிந்துவிடும். கணினிக்குத் தெரியாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ‘ன’வுக்கும் மூன்று பைட்டு, ‘ண’வுக்கும் மூன்று பைட்டு. ர-ற, ல-ள-ழ எல்லாம் அப்படித்தான். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தால் கோப்பின் அளவு ஒரு பைட்டுகூட மாறாது. தமிழில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் அன்றாடம் செய்யும் திருத்தம் இந்த வகைதான். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு 2007இல்தான் புரிந்தது.

அந்த ஆண்டு, பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நாவல் ஒன்றை மின்னூலாக்கும் வேலையில் நாங்கள் நாலு பேர் இறங்கியிருந்தோம். சிங்கப்பூரில் இருவர் தட்டச்சு செய்வார்கள். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அச்சுப்படியோடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்வார். எல்லாவற்றையும் சேர்த்து வைப்பது என் பொறுப்பு. ஒனிஹங்காவில் என் வீட்டுப் பின்னறையில் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, அதை வழங்கியாக வைத்திருந்தேன். ஐயா சொன்ன திருத்தங்கள் இரண்டு பட்டியல்களாக இருந்தன. நான் எழுதிய சிறு நிரல் ஓர் அத்தியாயத்தை எடுத்து முதல் பட்டியலின்படி எழுத்துகளை மாற்றும். உடனே ஆர்சிங்க் கொண்டு இன்னொரு வன்தட்டுக்கு நகலெடுக்கும். பிறகு இரண்டாம் பட்டியலின்படி மாற்றும், மறுபடி நகலெடுக்கும். அடுத்த அத்தியாயத்துக்குப் போகும்.

மூன்று மாதம் கழித்து வழங்கியின் தட்டு போயிற்று. நகல் இருக்கிறதே என்று தைரியமாக எடுத்துப் பார்த்தேன். முதல் பட்டியலின் திருத்தங்கள் அத்தனையும் இருந்தன. இரண்டாம் பட்டியலில் பல அத்தியாயங்களுக்கு ஒன்றுகூட இல்லை. பட்டியல்களும் போன தட்டில்தான் இருந்தன. ஐயாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். “அதுக்கென்ன தம்பி, இன்னொருவாட்டி பாத்துருவோம்” என்றார். நானூறு பக்கத்தை மறுபடியும் படித்தார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். ஆர்சிங்க், ஒரு கோப்பை மறுபடி நகலெடுக்க வேண்டுமா என்று முடிவு செய்ய, சாதாரணமாக இரண்டே விஷயங்களைப் பார்க்கும்: கோப்பின் அளவு, கடைசியாக மாறிய நேரம். அளவு மாறவில்லை, காரணம் மேலே சொன்ன மூன்று பைட்டுக் கணக்கு. நேரமும் மாறவில்லை. அன்று நான் வைத்திருந்த ஈஎக்ஸ்டி3 கோப்புமுறை, நேரத்தை முழு வினாடியில்தான் குறிக்கும். மாற்று, நகலெடு, மாற்று என்ற மூன்று வேலையும் ஒரே வினாடிக்குள் முடிந்துவிட்டன. வினாடி எல்லை தற்செயலாக நடுவில் விழுந்த அத்தியாயங்கள் மட்டும் பிழைத்தன. நிரலில் பிழை இல்லை, தட்டில் இடமும் இருந்தது. ‘இந்தக் கோப்பு நான் கடைசியாகப் பார்த்த பிறகு மாறியதா?’ என்ற எளிய கேள்விக்குத் தவறான பதில் வந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லக் கணினியியல் முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்திருக்கிறது. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

கடிகாரத்தை நம்பலாமா?

முதலில் தோன்றும் வழி, கோப்பு மாறும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துவைப்பது. எல்லாக் கோப்புமுறைகளும் இதைச் செய்கின்றன. ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, நேரத்தின் நுணுக்கம். யூஎஸ்பி குச்சிகளில் நெடுங்காலம் வழங்கிய ஃபேட் கோப்புமுறை இரண்டு வினாடிக்கு ஒருமுறைதான் மாறிய நேரத்தைக் குறிக்கும். ஈஎக்ஸ்டி3 ஒரு வினாடி. அதற்கு அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4, நானோ வினாடிவரை எழுத இடம் வைத்திருக்கிறது. ஆனால் இடம் இருப்பது வேறு, அத்தனை நுணுக்கமாக நேரம் பார்ப்பது வேறு. ஒவ்வொரு முறையும் கடிகாரத்தை நுணுக்கமாகப் படித்தால் வேகம் குறையும் என்பதால், லினக்ஸ் கருனி நெடுங்காலம் தன் உள்துடிப்பின்போது குறித்த நேரத்தையே எடுத்துக் கோப்புக்கு முத்திரை குத்தி வந்தது. கருனியின் அமைப்பைப் பொறுத்து அந்தத் துடிப்பு ஒன்று முதல் பத்து மில்லி வினாடிக்கு ஒருமுறை. இன்றைய கணினிக்கு நாலு மில்லி வினாடி என்பது நமக்கு ஒரு பகல்பொழுது மாதிரி. அதற்குள் ஒரு கோப்பு பலமுறை மாறிவிடலாம்.

இரண்டாவது, கடிகாரம் பின்னோக்கியும் போகும். கடிகாரம் என்பது இயற்கை தந்த ஒன்றல்ல, மனிதர்கள் கூடிச் செய்துகொண்ட ஏற்பாடு என்பதை நான் இருக்கும் ஊரே சொல்லும். ஒனிஹங்கா, மானுகாவ் குடாவின் கரையிலுள்ள பழைய துறைமுகம். இன்று ஆக்லாந்தின் ஒரு பகுதி. சூரியனை வைத்துக் கணக்கிட்டால் இங்கே கிரீன்விச்சைவிட 11 மணி 39 நிமிடம் முன்னால். 1868 நவம்பர் 2ஆம் தேதி நியூசிலாந்து முழுவதற்கும் 11 மணி 30 நிமிடம் என்று ஒரே நேரம் வந்தது. அன்று ஒனிஹங்கா தன் ஊர்நேரத்தில் ஒன்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்தது. நாடு முழுமைக்கும் ஒரே நேரத்தைச் சட்டப்படி ஏற்ற முதல் நாடுகளில் நியூசிலாந்து ஒன்று. தந்தி வந்ததுதான் காரணம். ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் தந்தி அலுவலகம் எப்போது திறக்கும் என்று யார் சொல்வது? பிறகு 1946இல் அது 12 மணியானது. இப்போது கோடைக்காலத்தில் 13. ஏப்ரல் முதல் ஞாயிறு அதிகாலை மூன்று மணி மறுபடி இரண்டு மணியாகும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1996 மே மாதம் இலங்கையின் நேரம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரைக்கு வந்தது.

லினக்ஸும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும் உலகப் பொதுநேரத்தில் குறிப்பதால் இந்தக் கூத்து அவற்றைப் பாதிக்காது. ஃபேட் உள்ளூர் நேரத்தில் குறிக்கும், அதைப் பாதிக்கும். உலகப் பொதுநேரமும் முழுப் பாதுகாப்பில்லை. கடிகாரம் ஓடிப்போயிருந்தால் இணையத்திலுள்ள நேர வழங்கி அதைப் பின்னுக்கு இழுக்கும். தாய்ப்பலகையின் சிறு பேட்டரி தீர்ந்தால் கணினி எந்த ஆண்டில் கண்விழிக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கடைசியாக மாறிய நேரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். டச் என்ற கட்டளை அதற்கென்றே இருக்கிறது. கட்டிவைத்த கோப்புகளைப் பிரித்தெடுக்கும்போது பழைய நேரங்களே திரும்ப எழுதப்படும். விவர மாற்ற நேரம் என்று இன்னொன்று உண்டு. அதைப் பயனர் நேரடியாகத் தொட முடியாது. ஆனால் அதுவும் கணினியின் கடிகாரம் சொன்னபடிதான் கேட்கும்.

அறுபதாண்டுச் சக்கரமும் கொல்லம் ஆண்டும்

கடிகாரம் வேண்டாம், எண்ணிக்கை போதும் என்பது இரண்டாவது வழி. கோப்பு ஒவ்வொரு முறை மாறும்போதும் ஓர் எண்ணை ஒன்று கூட்டு. 41 என்று பார்த்துவிட்டுப் போனேன், இப்போது 42 என்றால் மாறியிருக்கிறது. எத்தனை மணிக்கு மாறியது என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

எளிதாகத் தெரிகிறது. ஆனால் எண்ணுவதிலும் இரண்டு விதம் உண்டு என்பது தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓலைச்சுவடிகளின் கடைசியில், எழுதி முடித்த ஆண்டைப் பிரபவ, விபவ என்று அறுபதாண்டுப் பெயரால் குறிப்பது வழக்கம். பிரபவ ஆண்டு 1867இலும் வந்தது, 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. வேறு சான்று இல்லாவிட்டால் எந்தப் பிரபவ என்று சொல்ல முடியாது. ஒரே நூலுக்கு இரண்டு சுவடிகள் கிடைத்து, இரண்டிலும் பாடம் வேறாக இருந்தால், எது முந்தியது என்று இந்தப் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பழைய பத்திரங்களிலும் சுவடிகளிலும் கொல்லம் ஆண்டும் இருக்கும். அது கி.பி. 825இல் தொடங்கி இன்றுவரை விடாமல் கூடிக்கொண்டே வருகிறது. ஒருமுறை வந்த எண் மறுபடி வராது. இரண்டும் இருந்தால் ஆய்வாளர் பாக்கியசாலி.

கணினியிலும் இதே கதைதான். 32 பிட்டு இடத்தில் எண்ணினால் சுமார் 429 கோடியில் சக்கரம் முடிந்து மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். வினாடிக்குப் பத்து லட்சம் முறை கூட்டினால் 72 நிமிடத்தில் அட்சய முடிந்து பிரபவ வந்துவிடும். 64 பிட்டு என்றால் அதே வேகத்தில் ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அது போதும்.

ஆக, இடம் ஒரு பிரச்சினை இல்லை. மின்சாரம் போனாலும் அந்த எண் சொன்ன சொல் தவறாமல் இருக்குமா என்பதுதான் பிரச்சினை. அதற்குக் குறிப்பேட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

குறிப்பேடும் பேரேடும்

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும்: நடவடிக்கையை முதலில் குறிப்பேட்டில் நடந்த வரிசையில் எழுதுவார்கள், பிறகே பேரேட்டில் அந்தந்தக் கணக்கின் பக்கத்தில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது கணக்கர் பாதியில் எழுந்து போய்விட்டாலும், குறிப்பேடு இருப்பதால் இன்னொருவர் தொடரலாம். குறிப்பேடு வைக்கும் கோப்புமுறையும் அதைத்தான் செய்கிறது. தட்டில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் தனியிடத்தில் வரிசையாக எழுதிவைத்து, அது தட்டில் பத்திரமாகப் பதிந்த பிறகே உரிய இடங்களை மாற்றும். மின்சாரம் போய்த் திரும்பினால், குறிப்பேட்டைப் படித்து விட்ட இடத்திலிருந்து முடிக்கும்.

மின்சாரம் வந்ததும் ஒரு கேள்வி எழும். குறிப்பேட்டில் எழுதிய மாற்றங்களில் எவை பேரேட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டன, எவை ஏறவில்லை? ஏறியதை மறுபடி ஏற்றினால் சில வேளை கணக்கு இரட்டிப்பாகும். இதற்குத் தெளிவான விடை தந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர்: சி. மோகன். (இலக்கிய விமர்சகரும் மொழிபெயர்ப்பாளருமான சி. மோகன் அல்லர், இவர் வேறு.) தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1977இல் வேதிப் பொறியியல் பட்டமும், ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981இல் கணினியியல் முனைவர் பட்டமும் பெற்று, கலிபோர்னியாவில் ஐபிஎம் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். அவரும் உடன் பணியாற்றிய நால்வரும் 1992இல் வெளியிட்ட ஏரீஸ் என்ற முறை, தரவுத்தளங்களை விபத்திலிருந்து மீட்கும் கலையில் பாடநூல் ஆகிவிட்டது.

ஏரீஸின் மையக் கருத்து எளிது. குறிப்பேட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண் உண்டு. பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், அந்தப் பக்கத்தைக் கடைசியாக மாற்றிய வரியின் எண்ணை எழுதிவைக்க வேண்டும். மீட்கும்போது, வரியின் எண் பக்கத்தின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அந்த மாற்றம் இன்னும் ஏறவில்லை, ஏற்று. இல்லையென்றால் ஏறிவிட்டது, தாண்டிப் போ. கடிகாரமே தேவையில்லை.

இன்னொரு நுட்பமும் அதில் உண்டு. பாதியில் நின்ற நடவடிக்கையை ரத்து செய்ய வேண்டியிருந்தால், ரத்து செய்ததையும் குறிப்பேட்டில் புதிய வரியாக, புதிய எண்ணோடு எழுத வேண்டும். உள்ளடக்கம் பழைய நிலைக்குத் திரும்பலாம், எண் திரும்பாது. ‘மனம்’ என்பதை ‘மணம்’ ஆக்கி மறுபடி ‘மனம்’ ஆக்கினாலும் அது மூன்றாம் நிலைதான், முதல் நிலை அல்ல. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ், 1993இல் வெளிவந்தபோதே இத்தகைய குறிப்பேட்டோடு வந்தது. லினக்ஸில் ஸ்டீபன் ட்வீடி 1998இல் இதற்கான வடிவமைப்பை வெளியிட்டார். அதுவே ஈஎக்ஸ்டி3 ஆகி 2001 நவம்பரில் அதிகாரபூர்வக் கருனியில் சேர்ந்தது.

மாற்ற எண் வந்த கதை

குறிப்பேட்டின் வரிசை எண் கோப்புமுறையின் உள்விவகாரம். வெளியிலிருந்து ‘இந்தக் கோப்பு மாறியதா’ என்று கேட்பவருக்கு ஒரு எண் தேவைப்பட்டது என்எஃப்எஸ்ஸால்தான். ஒரு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியே இன்னொரு கணினி தன்னுடையதுபோல் பயன்படுத்த உதவும் முறை அது. ஒவ்வொரு எழுத்துக்கும் வழங்கியைக் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே படித்ததைத் தன்னிடம் ஒரு நகலாக வைத்துக்கொண்டு, கோப்பைத் திறக்கும்போது மட்டும் ‘மாறியதா?’ என்று கேட்கும். 1995இன் மூன்றாம் பதிப்புவரை அதற்குப் பதில் சொன்னது நேரமுத்திரைதான். என் ஆர்சிங்க் ஏமாந்தது போலவே அதுவும் ஏமாறும். நகலில் பழைய எழுத்து, வழங்கியில் புதிய எழுத்து, இரண்டுக்கும் ஒரே நேரம்.

நான்காம் பதிப்பு இதைத் திருத்தியது. 2003இன் வரையறையில், ஒவ்வொரு கோப்புக்கும் 64 பிட்டு மாற்ற எண் ஒன்று கட்டாயம் என்று வைத்தார்கள். வழங்கி அதை எப்படி உண்டாக்கினாலும் சரி. கோப்பு மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

வரையறை எழுதுவது எளிது, தட்டில் இடம் கண்டுபிடிப்பது கடினம். ஒவ்வொரு கோப்புக்கும் அளவு, உரிமையாளர், நேரங்கள் ஆகியவற்றைக் குறிக்கும் விவரச்சீட்டு ஒன்று உண்டு, ஐநோடு என்பார்கள். ஈஎக்ஸ்டி3இன் பழைய 128 பைட்டுச் சீட்டில் இடம் குறைவு. ஈஎக்ஸ்டி4இல் சீட்டு 256 பைட்டாக விரிந்தது. 2008இல் அதில் மாற்ற எண்ணின் ஒரு பாதி பழைய பகுதியிலும், மறுபாதி புதிதாக விரிந்த பகுதியிலும் இடம்பெற்றது. எண்ணும் மற்ற விவரங்களோடு அதே குறிப்பேட்டில் ஏறும் என்பதே இதன் சிறப்பு.

ஆனால் பல ஆண்டுகள் அது இருந்தும் இல்லாதது போலவே இருந்தது. கோப்புமுறையை ஏற்றும்போது தனியாகக் கேட்டால்தான் எண்ணும். காரணம் செலவு. எழுதும் ஒவ்வொரு முறையும் எண்ணைக் கூட்டினால், ஒவ்வொரு முறையும் விவரச்சீட்டைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். ஒரு பைட்டு எழுத ஒரு பக்கம் கணக்கு எழுதுவது மாதிரி.

2018இல் ஜெஃப் லேட்டன் என்பவர் இதற்கு அழகான வழி ஒன்றைக் கருனியில் சேர்த்தார். எண்ணை யாரும் கேட்கவில்லை என்றால் எதற்குக் கூட்ட வேண்டும்? கடைசி பிட்டை ஒரு கொடியாக வைத்துக்கொள்வோம். யாராவது எண்ணைக் கேட்டால் கொடியை ஏற்று. அடுத்து எழுதும்போது கொடி ஏறியிருந்தால் மட்டும் எண்ணைக் கூட்டிக் கொடியை இறக்கு. கேள்வி வரும்வரை ஆயிரம் முறை எழுதினாலும் எண் அப்படியே நிற்கும். கேட்டவர் எவருக்கும் பொய் சொன்னதாகாது. எண் 63 பிட்டாகக் குறைந்தது, அதனால் ஒன்றும் குடி முழுகாது. செலவு பெரிதும் குறைந்ததால், 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் கருனியிலிருந்து ஈஎக்ஸ்டி4இல் மாற்ற எண் கேட்காமலே இயங்குகிறது. அதுவரை, கோப்பைப் படித்தாலே படித்த நேரத்தைக் குறித்து அதையும் ஒரு மாற்றமாக எண்ணும் கோளாறும் இருந்தது. படித்தது புத்தகத்தை மாற்றியதாகுமா? அதையும் அப்போது சரிசெய்தார்கள்.

இதே சிக்கன யோசனையை நேரமுத்திரைக்கும் கொண்டுபோனார்கள். 2025 ஜனவரியில் வந்த 6.13ஆம் கருனியில், ஒரு கோப்பின் நேரத்தை யாராவது கேட்டிருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்கு நுணுக்கமான நேரம் குத்தப்படும். 2007இல் இது இருந்திருந்தால் ஐயா அந்த நானூறு பக்கத்தை இரண்டாம் முறை படித்திருக்க வேண்டாம்.

மின்சாரம் போன பிறகு

இனிதான் கடினமான இடம். ஆக்லாந்துக்காரர்களுக்கு மின்வெட்டு புதிதல்ல. 1998 பிப்ரவரியில் நகர மையத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த கேபிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, ஐந்து வாரம் நகர மையம் தவித்தது. 2006 ஜூன் 12இல், எங்களுக்குப் பக்கத்திலுள்ள ஓட்டாஹுஹு துணைமின்நிலையத்தில் பலத்த காற்றில் ஒரு கம்பி அறுந்து விழுந்து நகரின் பல பகுதிகள் மணிக்கணக்கில் இருண்டன.

வழங்கியில் ஒரு கோப்பின் மாற்ற எண் தட்டில் 41 என்று இருக்கிறது. ஐயாவின் திருத்தம் ஒன்றைப் போடுகிறேன். நினைவகத்தில் எண் 42 ஆகிறது. தட்டின் குறிப்பேட்டில் இன்னும் ஏறவில்லை. ஈஎக்ஸ்டி4 வழக்கமாக ஐந்து வினாடிக்கு ஒருமுறைதான் குறிப்பேட்டை முடித்துத் தட்டுக்கு அனுப்பும். அந்த இடைவெளியில் என் மடிக்கணினி கோப்பைப் படித்து, ‘42’ என்ற எண்ணோடு தன்னிடம் ஒரு நகலை வைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் மின்சாரம் போகிறது. வழங்கி திரும்ப எழும்போது தட்டிலிருந்து படிக்கும், எண் 41. திருத்தம் போய்விட்டது. அது வருத்தம்தான், ஆனால் நேர்மையான இழப்பு. இப்போது நான் வேறு ஒரு திருத்தம் போடுகிறேன். எண் 42 ஆகிறது. மடிக்கணினி கேட்கிறது: எண் என்ன? 42. என்னிடம் இருப்பதும் 42. ஆகவே மாறவில்லை.

ஒரே எண், இரண்டு வேறு பாடங்கள். ஓலைச்சுவடியின் பிரபவ ஆண்டு மறுபடி வந்துவிட்டது. குறிப்பேடு தன் வேலையைச் சரியாகவே செய்தது. தட்டிலுள்ள எல்லாம் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் இருக்கின்றன. தவறு நடந்தது தட்டுக்கு வெளியே. தட்டில் ஏறும் முன்னரே ஒரு எண்ணை வெளியாருக்குக் காட்டிவிட்டு, பிறகு அதே எண்ணை வேறொன்றுக்குக் கொடுத்தோம். ஏரீஸின் ஒழுங்கு இங்கேதான் நினைவுக்கு வர வேண்டும். எண் பின்னால் போகக் கூடாது. ரத்தானாலும் போகக் கூடாது. என்னைக் கேட்டால், இந்த விஷயம் முழுவதன் சாரமும் ஒரே வரிதான்: வெளியே காட்டிய எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதே.

காட்டும் முன் ஒவ்வொரு முறையும் தட்டில் ஏற்றலாம், வேகம் செத்துவிடும். லினக்ஸின் என்எஃப்எஸ் வழங்கி வேறு வழியில் போயிற்று. மாற்ற எண்ணை மட்டும் தனியாகக் கொடுக்காமல், கோப்பின் விவர மாற்ற நேரத்தையும் அதோடு கூட்டி ஒரே எண்ணாகக் கொடுக்கிறது. மின்சாரம் வந்து எழுந்தபின் போட்ட திருத்தத்தின் நேரம் வேறு. ஆகவே கூட்டுத்தொகையும் வேறு. அறுபதாண்டுப் பெயரையும் கொல்லம் ஆண்டையும் சேர்த்து எழுதிய ஏடு மாதிரி. கடிகாரத்தை நம்பாமல் எண்ணுக்கு வந்தோம். எண் தடுமாறும் இடத்தில் கடிகாரத்தைத் துணைக்குக் கூப்பிட்டோம். இரண்டும் ஒரே சமயத்தில் தவறுவது அரிது. கடிகாரமும் அந்த நேரத்தில் பின்னால் போயிருந்தால்? அப்போது தவறலாம். முழு உறுதி இன்னும் விலை அதிகமானதாகவே இருக்கிறது.

எண் சொல்லாதவை

மாற்ற எண் மாறியதென்று சொல்லும். என்ன மாறியதென்று சொல்லாது. எந்தக் கோப்பு என்பதையும் நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். பல எழுதுகருவிகள் சேமிக்கும்போது பழைய கோப்பைத் திருத்துவதில்லை. புதிய கோப்பு ஒன்றை எழுதி, பழைய பெயரை அதற்குச் சூட்டிவிடும். பெயர் அதே, விவரச்சீட்டு வேறு, எண்ணும் புதிதாகத் தொடங்கும். ஆகவே கோப்பின் அடையாள எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கோப்பை வேறு தட்டுக்கு நகலெடுத்தால் மாற்ற எண் கூடவே போகாது. லினக்ஸில் சாதாரண நிரல்களுக்கு இந்த எண் தெரியவும் செய்யாது. கருனிக்கும் என்எஃப்எஸ் வழங்கிக்கும் உள்ள விஷயமாகவே வைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 2000 முதல் என்டிஎஃப்எஸ்ஸில் மாற்றங்களுக்கென்றே தனி ஏடு உண்டு. எந்தக் கோப்பில் என்ன வகை மாற்றம் என்று வரிசை எண்ணோடு எழுதும். காப்பு நகலெடுக்கும் நிரல், தான் கடைசியாகப் படித்த எண்ணிலிருந்து தொடரலாம். அதற்கும் எல்லை உண்டு. அளவு மீறினால் பழைய வரிகள் கழியும். ஏட்டை அழித்துப் புதிதாகத் தொடங்கினால் ஏட்டின் அடையாள எண் மாறும். அது மாறியிருந்தால் பழைய எண்ணை நம்பாமல் முழுத்தட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். ‘எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்’ என்று சொல்லத் தெரிந்த ஏடு நல்ல ஏடு.

கடைசிப் புகலிடம் உள்ளடக்கமே. 2005இல் வந்த கிட், ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஒரு கைரேகை எண் கணக்கிட்டு அதையே அடையாளமாக வைக்கிறது. எல்லாக் கோப்பையும் எப்போதும் படிக்க முடியாதென்பதால் அதுவும் முதலில் நேரத்தையும் அளவையும்தான் பார்க்கும். ஆனால் தன் குறிப்பை எழுதிய அதே நேரத்திலோ அதற்குப் பிறகோ மாறிய கோப்பைச் சந்தேகப்பட்டு, திறந்து படித்துவிடும். என் நிரலுக்கு அந்தச் சந்தேகம் இல்லாமல் போயிற்று.

பழைய சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செய்ததும் இதுதான். ஆண்டுக் குறிப்பு எந்தச் சுவடியை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று காட்டும். பாடம் எது என்பதை வரிக்கு வரி ஒப்பிட்டே முடிவு செய்தார்கள். இப்போது என் வழக்கமும் அதுவே. தினமும் நேரத்தை நம்பி விரைவு நகல்; மாதம் ஒருமுறை ஆர்சிங்கிடம் ஒவ்வொரு கோப்பையும் திறந்து உள்ளடக்கத்தை ஒப்பிடச் சொல்லி ஒரு நகல். இரவு முழுக்க ஓடும், ஓடட்டும்.

ஐயா இரண்டாம் முறை படித்து அனுப்பிய பட்டியல் முதல் முறையைவிட நீளமாக இருந்தது. முதலில் தன் கண்ணுக்கும் தப்பியவை சில என்று அதன் மேல் ஒரு வரி எழுதியிருந்தார்.